இடது காதில் சலங்கை

ஜூன் 3, செவ்வாய்

வண்டியை எஃப்.சி.க்கு விட்டாயிற்று. வருஷத்துக்கு ஒரு தடவை, இந்த வண்டி ரோட்டில் ஓடத் தகுதியானதுதான் என்று ஆர்.டி.ஓ. ஆபீசில் காட்டி முத்திரை வாங்க வேண்டும். அதற்கு முன்னால் பட்டறையில் நிறுத்தித் தகரம் தட்டி, பெயிண்ட் அடித்து, பிரேக், விளக்கு எல்லாம் சரி பார்ப்பார்கள். பதினைந்து நாள் எனக்கு வேலை கிடையாது. ‘வேலவன்’ பஸ் டிரைவர் அவினாசியப்பன் வீட்டில் சும்மா உட்கார்ந்திருக்கிறான் என்று கேட்டால் கோபி - சத்தி ரோடே சிரிக்கும்.

என் மகள் மிதுனா கோயமுத்தூரில் விளையாட்டு செய்கிற கம்பெனியில் இருக்கிறாள். பம்பரம், கோலி இல்லை. கையில் பிடித்து விளையாடுகிற சின்னப் பெட்டி. அதற்கு இவர்கள் புதிதாகத் தமிழில் ஒரு விளையாட்டு செய்கிறார்கள். ஏழு நிலைப் பாதாளக் கோட்டை. இந்த மாதிரி எதையும் தொட்டே பார்க்காத ஆள் ஒருவர் விளையாடிப் பார்த்து, முதன்முதலில் என்ன தோன்றுகிறது என்று தினமும் எழுத வேண்டுமாம். “உங்களவிடத் தொடாத ஆளு எங்கப்பா கெடைப்பாங்க” என்று சொல்லிப் பெட்டியையும் இந்த டைரியையும் கொடுத்துவிட்டுப் போனாள்.

ஆகவே, அம்மிணி, எழுதுகிறேன். பொய் எழுத மாட்டேன். இருபத்தாறு வருஷத்தில் ஒரு கோழிக்குஞ்சை அடித்ததில்லை நான். திம்பம் மலையில் இருபத்தேழு கொண்டை ஊசி வளைவையும் கரும்பு லாரியோடு ஏறி இறங்கியவன். பெட்டிக்குள் இருக்கிற கோட்டை என்னை என்ன செய்துவிடும்?

பட்டறை மூர்த்தி போன் செய்தான். வண்டியின் இடது பக்கம் புதுசாக ஏழெட்டுக் கீறல், ஒரு பெரிய நசுங்கல் என்றான். ஆட்டோக்காரர்கள் இப்போதெல்லாம் கண்ணை மூடிக்கொண்டு வந்து உரசுகிறார்கள் என்று சொல்லி வைத்துவிட்டேன்.

ஜூன் 4, புதன்

முதலில் ஐந்து பேர் கொண்ட ஒரு படை சேர்க்கச் சொன்னது. பெயரை நாமே வைக்கலாம். வாள்வீரன் நான். வில் மிதுனாவுக்கு. மந்திரவாதி எங்கள் முதலாளி சாமியப்பன். பேசியே ஆளை மயக்குவார்.

வேவுக்காரன் என் கண்டக்டர் மாரப்பன். ஏப்ரல் மாசத்திலிருந்து அவனுக்கு ஒரு புதுப் பழக்கம். ஒவ்வொரு ஸ்டாப்பிலும் கீழே இறங்கி நின்று, வண்டியை ஒரு பார்வை பார்த்துவிட்டுத்தான் இரண்டு விசில் கொடுக்கிறான். இரண்டு விசில் வந்தால்தான் நான் வண்டியை எடுக்க வேண்டும். காலேஜ் பெண்கள் பார்க்கட்டும் என்று இந்த வயதில் ஸ்டைல்! வேவு பார்க்கத் தகுந்த ஆள்தான்.

வைத்தியச்சி என் வீட்டுக்காரி துளசிமணி. அதே ஏப்ரலில் சத்தி பஸ் ஸ்டாண்டில் எனக்குத் தலை சுற்றி வாந்தி வந்தபோது, “ஆஸ்பத்திரிக்குப் போலாமுங்க” என்று ஒரு வாரம் என் பின்னாலேயே திரிந்தவள். வெயில்தான் காரணம். இளநீர் குடித்ததும் சரியாகிவிட்டது.

மேல் திரையில் கோட்டைக்குள் நாம் பார்ப்பது தெரியும். இருட்டு நடை, கல்சுவர், பந்தம். கீழ்த் திரையில் கட்டம் போட்ட வெறும் காகிதம். சுவர் எங்கே, கதவு எங்கே என்று குச்சிப் பேனாவால் நாமேதான் வரைந்துகொள்ள வேண்டும். வரையாதவன் வழி தெரியாமல் சாவான். இந்த ஏற்பாடு எனக்குப் பிடித்தது. ரூட் தெரியாதவன் வண்டி எடுக்கக் கூடாது.

ஹெட்போனைக் காதில் மாட்டிக்கொண்டு உள்ளே போனேன். இருபது அடி நடந்திருப்பேன். இடது காதில் ஜல் ஜல் என்று சலங்கை. நின்றேன். எதிரே யாரும் இல்லை. சலங்கை நெருங்கி வந்தது. யாருமே இல்லை. திடீரென்று திரை சிவந்தது, மாரப்பன் செத்தான். அடுத்து நான். எல்லோரும் போய்விட்டோம்.

சாகிறவர்கள் திரும்பி வருவதில்லை. கோட்டைக்கு வெளியே ஊர் எல்லையில் ஒரு நடுகல். அதில் பெயர் ஏறிவிடும். ‘மாரப்பன், முதல் நிலையில் வீழ்ந்தான்’ என்று படித்ததும் என் கை வேர்த்துவிட்டது. மத்தியான வெயிலில், ஃபேனுக்கு அடியில், ஒரு பொம்மைக்கு!

மாரப்பனுக்குப் போன் போட்டேன். “என்னங்ணா?” என்றான். சும்மாதான் கூப்பிட்டேன் என்றேன்.

ஜூன் 5, வியாழன்

நான்கு முறை செத்தேன். ஒவ்வொரு முறையும் அதே பெயர்களில் புதுப் படை சேர்க்க வேண்டியிருந்தது.

குறை ஒன்று: சலங்கைச் சத்தம் மட்டும் வருகிறது, உருவம் வருவதில்லை. சத்தம் போட்டுவிட்டு ஆளைக் காட்டாமல் கொல்வது நியாயமில்லை. குறை இரண்டு: ஐந்து பேரைச் சேர்த்தால் கீழே மூன்று முகம்தான் காட்டுகிறது. வைத்தியச்சி எங்கே போனாள்? காயம்பட்டால் மருந்து கொடுக்க ஆளைக் காணோம். உங்கள் கம்பெனியில் சொல்.

ஜூன் 7, சனி

அரியப்பம்பாளையத்தில் கல்யாணம். சாப்பாட்டில் உப்பும் வைக்கவில்லை, ஊறுகாயும் வைக்கவில்லை. பொரியலும் ஒன்றுதான். கவுரவமான குடும்பம், பந்தியில் இப்படியா? பரிமாறுகிறவரைக் கூப்பிட்டுச் சத்தம் போட்டேன். அவர் இலையைப் பார்த்தார், என்னைப் பார்த்தார், மறுபடி உப்பு வைத்துவிட்டுப் போனார்.

“ஏனுங்க, எல்லாம் அங்கயே இருக்குதுங்களே” என்றாள் துளசிமணி. இலையைக் கொஞ்சம் நகர்த்தினாள். இருந்தது. உப்பு, ஊறுகாய், பச்சடி, இரண்டு பொரியல், தொடாமல். நான் பேசிக்கொண்டிருந்தபோது வைத்திருக்கிறார்கள்.

வரும் வழியெல்லாம் அவள் என் இடது கன்னத்தையே பார்த்துக்கொண்டு வந்தாள். வீட்டுக்கு வந்து தடவிப் பார்த்தேன், அந்தப் பக்கம் முடி இருந்தது. பிளேடு மொக்கை.

ஜூன் 9, திங்கள்

இன்று சாகவில்லை. ஆனால் இதைவிடச் செத்திருக்கலாம்.

ஒரே கூடத்தைச் சுற்றிச் சுற்றி வருகிறேன். வலப்பக்கம் திரும்பினால் ஒரு நடை, மறுபடி வலம், மறுபடி வலம், பிறகு புறப்பட்ட இடம். செக்கு மாடு தோற்றது. இரண்டாம் நிலைக்குப் போகும் படிக்கட்டு எங்குமே இல்லை. கோட்டை கட்டினவன் எல்லாக் கதவையும் வலப்பக்கமே வைத்துவிட்டு மேஸ்திரி வேலை பார்க்கப் போய்விட்டான் போலிருக்கிறது. அந்தச் சலங்கை மட்டும் விடாமல் கூடவே வருகிறது. எப்போதும் இடது காதில்தான். காதில் மாட்டுவதைக் கழற்றி வைத்தாலும் ஒரு நாழிகை கேட்டுக்கொண்டே இருக்கிறது. எனக்குப் பயமாக இருக்கிறது, அம்மிணி. முதல் அபிப்பிராயம் என்று நீ கேட்டாய், இதுதான்.

மிதுனாவைக் கூப்பிட்டுக் கத்தினேன். “படிக்கட்டு உள்ள நுழஞ்சதுமே இருக்குதுங்ப்பா, முதல் கதவு” என்றாள். எந்தக் கதவு என்றேன். “நீங்க வரஞ்ச படத்த வாட்ஸ்அப்ல அனுப்புங்க” என்றாள்.

அனுப்பினேன். ஐந்து நிமிஷம் கழித்துக் கூப்பிட்டாள். குரல் மாறியிருந்தது. “அப்பா, உங்களுக்கு ஒடம்பு நல்லாத்தான இருக்குது?” என்று கேட்டாள். விளையாட்டைக் கேட்டால் உடம்பைக் கேட்கிறாள். சனிக்கிழமை வருகிறாளாம்.

ஜூன் 11, புதன்

பட்டறைக்குப் போனேன். வண்டிக்கு நீலம் அடித்து, வெள்ளைக் கோடு போட்டாயிற்று; புது மாப்பிள்ளை மாதிரி நிற்கிறது. பத்தடி முன்னால் தள்ளி நிறுத்தச் சொன்னார்கள். எட்டு நாள் கழித்து ஸ்டீயரிங்கைப் பிடித்ததும் கைக்கு உயிர் வந்தது.

ஒரு பெயிண்ட் டின் நசுங்கிவிட்டது. வண்டிக்கு ஒட்டி டின்னை வைப்பது அவர்கள் தப்பு.

ஜூன் 12, வியாழன்

விளையாடவில்லை. உடம்பு சரியில்லை.

ஜூன் 13, வெள்ளி

விளையாடவில்லை. அடுப்படி வாசல் நிலையில் இடது தோள் இடித்தது. நேற்றும் அதே இடத்தில்தான் இடித்தது. இந்த வீட்டில் இருபது வருஷமாக இருக்கிறேன்.

ஜூன் 14, சனி

மிதுனா வந்தாள். காப்பி கூடக் குடிக்கவில்லை. ஒரு காகிதத்தை விரித்தாள். அவர்களிடம் இருக்கிற கோட்டையின் உண்மையான வரைபடம். பக்கத்தில் நான் வரைந்தது. என் வரைபடத்தில் வலப்பக்கம் ஒரு கோடு பிசகவில்லை. கதவு, தூண், பந்தம், எல்லாம் அச்சு. இடப்பக்கத்தில் நான் போன ஒவ்வொரு நடையிலும் ஒரு கதவு இருக்கிறது. மொத்தம் பதினொன்று. என் காகிதத்தில் ஒன்றுகூட இல்லை.

பெட்டியைத் திறந்து என் முகத்துக்கு நேரே பிடித்தாள். “அப்பா, கீழ எத்தன பேரு நிக்கறாங்க?”

“மூணு பேரு. அதான் எழுதியிருக்கறனே.”

“அஞ்சு பேருங்ப்பா.” அவள் விரல் மெதுவாக நகர்ந்தது. விரலைத் தொடர்ந்து தலையைத் திருப்பினேன். வைத்தியச்சி இருந்தாள். மாரப்பன் பெயர் வைத்த புது வேவுக்காரனும் இருந்தான். ஒவ்வொரு படையிலும் அந்த இருவரும் அங்கேயேதான் நின்றிருக்கிறார்கள்.

எனக்குக் கோபம் வந்துவிட்டது. பெட்டி கோளாறு என்றேன். விற்கப் போகிற சாமானை ஒழுங்காகச் செய்யத் தெரியாமல் அப்பனைக் குறை சொல்ல வந்துவிட்டாயா என்றேன். எனக்குக் கண் ஜம்மென்று தெரிகிறது, தினமும் டைரி எழுதுகிறேனே, கோணலாகவா எழுதுகிறேன் என்று கேட்டு இந்த டைரியை எடுத்து அவள் முன்னால் போட்டேன்.

அவள் திறந்தாள். ஒவ்வொரு பக்கமாகத் திருப்பினாள். அப்புறம் வாயைப் பொத்திக்கொண்டு அழ ஆரம்பித்தாள். துளசிமணி எட்டிப் பார்த்துவிட்டுச் சுவரைப் பிடித்துக்கொண்டாள்.

“என்னடி?” என்றேன்.

மிதுனா டைரியைப் பக்கவாட்டில், இடது ஓரம் மேலே வரும்படி திருப்பி, அப்படியே என் முன்னால் வைத்தாள். பார்த்தேன். ஒவ்வொரு பக்கத்திலும் நான் நடுவில் ஆரம்பித்து வலது ஓரம் வரை எழுதியிருக்கிறேன். இடது பாதி வெள்ளை. ஜூன் மூன்றாம் தேதியிலிருந்து எல்லாப் பக்கத்திலும் வெள்ளை.

பயம் என்றால் என்ன என்று எனக்கு இன்றைக்குத்தான் தெரியும். இருட்டைப் பார்த்தால் பயப்படலாம். எனக்கு இருட்டே தெரியவில்லையே! இல்லாதது இல்லை என்றுகூடத் தெரியாமல், ஏப்ரலில் தலை சுற்றிய நாளிலிருந்து இரண்டு மாசம் இருந்திருக்கிறேன்.

வெள்ளிக்கிழமை கோயமுத்தூரில் மூளை டாக்டரிடம் நேரம் வாங்கியிருக்கிறாள். அதுவரை ஸ்டீயரிங்கைத் தொடக்கூடாது என்று தன் தலையில் என் கையை வைத்துச் சத்தியம் வாங்கினாள். பிறகு சிவப்புப் பேனாவால் டைரியின் மீதிப் பக்கங்களில் இடது ஓரம் ஒரு கோடு போட்டுக் கொடுத்தாள். முதலில் இந்தச் சிவப்புக் கோட்டைத் தேடுங்கள், அங்கிருந்து எழுதுங்கள் என்றாள்.

ஜூன் 15, ஞாயிறு

சிவப்புக் கோட்டைப் பிடித்துக்கொண்டு எழுதுகிறேன். பொய் எழுத மாட்டேன் என்று முதல் நாள் எழுதியதை அடித்துவிடலாமா என்று யோசித்தேன்.

பட்டறையில் நசுங்கியது டின் மட்டும் என்று எழுதினேன். டின்னுக்குப் பக்கத்தில், இடது முன்சக்கரத்தை ஒட்டி, மூர்த்தி குத்துக்காலிட்டுப் பெயிண்ட் அடித்துக்கொண்டிருந்தான். யாரோ கத்தினார்கள். மூர்த்தி பின்னால் விழுந்தான். அவன் கால் இருந்த இடத்தில்தான் டின் இருந்தது. “என்னங்ணா, என்னப் பாத்துட்டுத்தான எடுத்தீங்க?” என்று கேட்டான். பார்த்தேன் என்று சொல்லிவிட்டு வந்தேன்.

நான் அவனைப் பார்க்கவே இல்லை.

நம் ஊரில் பஸ்ஸில் ஏறுவதும் இறங்குவதும் இடது பக்கம். சைக்கிள் போவது இடது பக்கம். பள்ளிக்கூடப் பிள்ளைகள் வரிசையாக நடப்பது இடது பக்கம். ஒரு நாளைக்கு எட்டு நடை, இரண்டு மாசம். காலையிலிருந்து ஒவ்வொரு ஸ்டாப்பாக நினைத்துப் பார்க்கிறேன்.

ஜூன் 16, திங்கள்

வண்டி எஃப்.சி. பாஸாகிவிட்டது என்று முதலாளி போன் செய்தார். புதன்கிழமை காலை பூஜை, உடனே முதல் நடை. “அவினாசி, நீதானப்பா எடுக்கோணும், உன் கை ராசி” என்றார்.

சரிங்க என்றேன்.

ஏன் அப்படிச் சொன்னேன்? லைசென்ஸ் போனால் நான் யார்? எனக்கு வேறு ஒன்றும் தெரியாது. துளசிமணி கேட்டுக்கொண்டுதான் இருந்தாள். மிதுனாவிடம் சொல்லிவிடாதே என்றேன். அவள் என் இடது பக்கமாக வந்து உட்கார்ந்தாள். உட்கார்ந்தது எனக்குத் தெரியவில்லை. வளையல் சத்தம்தான் கேட்டது.

ஜூன் 18, புதன்

நடந்ததை நடந்தபடி எழுதுகிறேன்.

பூஜைக்கு மட்டும் பத்தடி எடுத்துவிட்டு, உடம்பு சரியில்லை என்று இறங்கிவிடலாம் என்பது என் கணக்கு. பத்தடிதானே. யாருக்கும் தெரியாமல் கவுரவமாக முடித்துக்கொள்ளலாம். பெற்ற பிள்ளையின் தலையில் அடித்த சத்தியத்தைப் பத்தடிக்காக விற்கத் துணிந்துவிட்டேன்.

பஸ் ஸ்டாண்டுக்குப் பின்னால் நிறுத்தி மாலை போட்டிருந்தார்கள். இருபது பேர் இருப்பார்கள். பூசணிக்காய் உடைத்தாயிற்று. சக்கரங்களுக்கு அடியில் எலுமிச்சம்பழம் வைத்தாயிற்று. நசுக்கிக்கொண்டு கிளம்பினால் கண்ணேறு கழியும். முன்னால் நின்று பார்த்தேன். ஒரு பழம்தான் தெரிந்தது. இன்னொன்று எங்கே என்று கேட்க வாயெடுத்து மூடிக்கொண்டேன். தலையைத் திருப்பினேன். இருந்தது.

ஏறி உட்கார்ந்தேன். சாவியைத் திருகினேன். இஞ்சின் உறுமியதும் உடம்பெல்லாம் சிலிர்த்தது. இந்தச் சத்தத்துக்குள்தான் நான் இருபத்தாறு வருஷம் வாழ்ந்திருக்கிறேன். கியரைப் போட்டேன். கண்ணாடி வழியாகப் பார்த்தேன், எதிரே யாரும் இல்லை. ரோடு காலி.

“மாரப்பா, எங்க நிக்கற?” என்று கேட்டேன்.

“இங்கதானுங்ணா. உங்க முன்னாடிதான்.”

குரல் இடது காதில் வந்தது. அங்கே யாரும் இல்லை.

அந்த நிமிஷம் எனக்கு நடுகல் ஞாபகம் வந்தது. ‘மாரப்பன், முதல் நிலையில் வீழ்ந்தான்.’ கிளட்சை விட்டிருந்தால் வண்டி நகர்ந்திருக்கும். கியரை எடுத்தேன், இஞ்சினை அணைத்தேன். தலையை முழுசாக இடப்பக்கம் திருப்பினேன். முன் சக்கரத்துக்கு இரண்டடி முன்னால், கையில் கற்பூரத் தட்டோடு மாரப்பன் நின்றிருந்தான். அவனுக்குப் பின்னால் முதலாளியின் பேத்தி.

இறங்கினேன். சாவியை முதலாளி கையில் கொடுத்தேன். “எனக்கு இடது பக்கம் தெரியலீங்க. ரெண்டு மாசமாத் தெரியல. உங்க வண்டிக்கு எஃப்.சி. ஆயிருச்சு, எனக்கு ஆகலீங்க” என்றேன். நான் அழுதேன். இருபது பேர் முன்னால் மீசை வைத்த ஆம்பிளை அழக்கூடாது என்பார்கள். அழுதேன்.

வேறு டிரைவரைக் கூப்பிட ஆள் போனது. மாரப்பன் என்னை டீக்கடை பெஞ்சில் உட்கார வைத்தான். டீயை வாங்கி என் கையில் கொடுத்துவிட்டுச் சொன்னான்:

“எனக்குத் தெரியுமுங்ணா.”

“என்ன தெரியும்?”

“ஏப்ரல்ல காசிபாளையத்துல ஒரு அம்மா கூடையோட எறங்கிட்டிருக்கும்போதே வண்டிய எடுத்துட்டீங்க. நான்தான் தாவிப் புடிச்சேன். நீங்க திரும்பிக்கூடப் பாக்கல. அன்னைலேர்ந்துதான் ஒவ்வொரு ஸ்டாப்புலயும் எறங்கிப் பாத்துட்டு விசில் குடுக்கறேன். நான் பாத்துக்கிட்டா நீங்க ஓட்டிக்குவீங்கன்னு நெனச்சேன்.”

“ஏண்டா சொல்லல?”

“சொன்னா வண்டிய உட்டு எறங்கீருவீங்களேங்ணா. உங்ககிட்ட எப்பிடிங்ணா அதச் சொல்றது?”

அடிக்கலாமா கும்பிடலாமா என்று தெரியவில்லை. எங்கள் இரண்டு பேர் கவுரவத்தையும் காப்பாற்ற, ஊர் ஜனத்தின் உயிரை ஒரு விசிலில் தொங்கவிட்டிருக்கிறோம். அதை அவனிடமும் சொன்னேன். அவனும் அழுதான்.

ஜூன் 20, வெள்ளி

கண்ணில் ஒரு குறையும் இல்லையாம். மூளையில், வலது பக்கம், ஏப்ரலில் ஒரு சின்ன ரத்தக்குழாய் அடைத்திருக்கிறது. அந்தத் தலைசுற்றல்தான் அது. அதனால் கண் பார்த்தாலும் இடது பக்கத்தை மூளை கவனிப்பதில்லையாம். இன்னொன்று வராமல் இருக்க மாத்திரை. பழகப் பழகப் பார்வை கொஞ்சம் திரும்பலாம், திரும்பாமலும் போகலாம். வண்டி ஓட்டுவது முடிந்தது.

“எப்படிக் கண்டுபுடிச்சீங்க?” என்று டாக்டர் கேட்டார். மிதுனா பெட்டியை எடுத்துக் காட்டினாள். அவர் என் வரைபடத்தை வெகுநேரம் பார்த்தார்.

ஜூன் 24, செவ்வாய்

உங்கள் கம்பெனிக்கு என் முதல் அபிப்பிராயம்: விளையாட்டு கடினம். பயமாக இருக்கிறது. குறை ஒன்று, குறை இரண்டு என்று நான் எழுதியதை அடித்துவிடவும். உருவம் வருகிறது. ஐந்து பேரும் இருக்கிறார்கள்.

பெட்டியின் இடது ஓரத்தில் மிதுனா சிவப்பு நாடா ஒட்டியிருக்கிறாள். ஒவ்வொரு அடிக்கும் தலையைத் திருப்பி நாடாவைப் பார்க்கிறேன், பிறகு நடக்கிறேன். கோட்டைக்குள் நுழைந்ததும் இடப்பக்கம் கதவு இருந்தது. வரைந்துகொண்டேன். சலங்கை கேட்டது. திரும்பிப் பார்த்தேன். சின்னக் கிழவி ஒருத்திதான், கையில் அரிவாள். இதற்கா இவ்வளவும்?

சாயங்காலம் மாரப்பன் போன் செய்தான். புது டிரைவர் சின்ன வயசாம், இரண்டு கண்ணாடியையும் பார்த்துத்தான் வண்டியை எடுக்கிறானாம்.

“அப்ப நீ எறங்கறதில்லியா?” என்று கேட்டேன்.

“வேண்டியதில்லீங்ணா. ஆனா ஸ்டாப்பு வந்தா காலு தானா எறங்கீருது” என்றான். “எறங்கி, ஒருக்கா பாத்துட்டு, ரெண்டு விசில் குடுத்துட்டு ஏறிக்கறேன்.”

இறங்கட்டும். நான் இனிமேல் பயணியாக அந்த வண்டியில் ஏறுவதும் இறங்குவதும் அந்த இடது பக்கம்தான்.